படிக்கட்டில் போட்ட கோடு

பவ வருஷம் ஐப்பசி 9, இரவு

இன்று குளிக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். இன்று சனிக்கிழமை இல்லையே என்றாள்.

தம்பி கேட்டதால் வீட்டைப் பாகம் பிரித்தோம். மூத்தவன் கோடு போட வேண்டும், எந்தப் பக்கம் வேண்டுமென்று இளையவன் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அப்பா பட்டணத்து இன்ஜினியரை வரைய வைத்துக் கட்டிய வீடு இது. கூடத்து நடுவில் தூணே இல்லாமல் வளைந்து ஏறும் படிக்கட்டைப் பார்க்க, அழகர் திருவிழாவுக்கு வருகிற ஜனமெல்லாம் உள்ளே வரும். அப்பா ஒருவரையும் தடுத்ததில்லை. அங்கே சுவர் வைப்பதா? தம்பி சிரித்துவிட்டால் மனசு மாறுவான் என்று நினைத்தேன். சுண்ணாம்பை எடுத்து, படிக்கட்டின் நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்தேன்.

"எந்தப் பாதிடா வேணும்? வலது காலை மட்டும் வச்சு ஏறுறியா, எடது காலை மட்டுமா?" என்றேன்.

வந்திருந்த பங்காளிகள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை.

"கெழக்குப் பாதி எனக்குண்ணே. ஊரு சனம் வந்து மிதிச்சதெல்லாம் போதும். நாளைக்கே கொத்தனாரைக் கூட்டியாரேன்."

"வெளாட்டுக்குப் போட்டேன்டா தம்பி."

"எம்புட்டு நாளைக்குத்தேன் வெளாடுவீக? கோடு போட்டது நீங்கதானே."

போட்ட கோட்டை மாற்றக் கூடாது என்று பங்காளிகளும் சொல்லிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. என் கையாலேயே வீட்டை அறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சற்று முன் தண்ணீர் குடிக்க இறங்கினேன். இனி இப்படித்தானே என்று மேற்குப் பாதியிலேயே ஒட்டி இறங்கினேன். பாதி வழியில் கால் வழுக்கியது. தம்பி பாகத்தில் விழுந்தேன்.