பதினைந்துக்குப் பின் ஒரு புள்ளி

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? உம்மா தூங்குகிறார்களா? தரமணியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

படகு பாறையில் மோதித் தம்பி ரெஹான் மவுத்தான பிறகு, பழுது பார்த்த அதே படகில் நீங்கள் தனியாகப் போகிறீர்களாமே. அதனால்தான் இந்தப் பெட்டியில் கையடக்க ஜி.பி.எஸ். அனுப்பியிருக்கிறேன். முதலில் வேறொன்றை வாங்க இருந்தேன். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தேசப்பன் அண்ணன் அதன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, இது மலை ஏர்றவனுக்கு. கடலு சும்மா நீலமா கீது. பாறை, ஆழம் ஒண்ணும் காட்டாது." கடல் வரைபடம் உள்ள இதை அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

பாறைகளுக்கு நடுவே நம் படகு போகும் வழியை அதில் பதிக்கச் சொன்னேன். உங்கள் நோட்டைப் பார்த்து ரெஹானுக்கு நான் எழுதிக்கொடுத்தபடியே, "ஒன்பது டிகிரி, பதினைந்து நிமிடம், ஐம்பது செகண்டு" என்று வாசித்தேன்.

"செகண்டா? நாங்க புள்ளி வச்சில்ல எழுதுவோம். பதினஞ்சு புள்ளி அம்பதுன்னா பதினஞ்சரை நிமிஷம்க்கா. செகண்டுன்னு போட்டா அரை கிலோமீட்டர் தள்ளிப் பாறை மேல பூடும்."

உங்கள் நோட்டில் பதினைந்துக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது, வாப்பா. மை சிந்தியது என்று விட்டுவிட்டேன்.

கருவியில் வழியை இன்னும் பதிக்கவில்லை; அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். நான் அழகாக எழுதிய தாளின் நகல் வீட்டில் இருந்தால் கிழித்துவிடுங்கள். கரையேறியதும் தினமும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம், மணி அடித்தால் போதும்.

கூரியர்க்காரர் காத்திருக்கிறார். உம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை நானே வந்து சொல்கிறேன்.

உங்கள் மகள்,
உம்மே ஹானி