உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன்

என் அன்புள்ள ஜோஸ் அப்பாவுக்கு,

முதலில் பிள்ளைகள் விசேஷம். அதைக் கேட்காமல் நீங்கள் வேறு எதற்கும் காது கொடுக்க மாட்டீர்கள். நம்ம மகன் ஜோசுக்கு பஹ்ரைனில் சூப்பர்வைசர் பதவி கிடைத்திருக்கிறது. மகள் மேரியின் மூத்தவன் கப்பல் படிப்பு முடித்து, வேலைக்கும் ஏறிவிட்டான். இளையவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். மேடையில் அவள் பேரை வாசித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஜோசின் மகள் ஜெனியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் அப்படியே இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தாக அதில் தட்டக் காட்டித் தந்தவர் நீங்கள். இப்போதும் ஒற்றை விரல்தான். அந்த ஒற்றை விரலால் உங்களுக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன்! வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அதில்தான் எழுதினேன். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. தமிழில்தான் எழுதியிருந்தது: உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, காப்பாற்ற இங்கே அமுக்கவும். அமுக்கிவிட்டேன். உங்கள் படங்கள் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன? காப்பாற்று என்றால் அமுக்காமல் எப்படி இருப்பேன்?

அன்றிலிருந்து அது ஆமை மாதிரி நகர்ந்தது. திரைக்கு மேலே கேமராவின் சின்ன விளக்கு தானாக எரிந்து அணைந்தது. எனக்குப் பயமும் வெப்ராளமுமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மருமகள் ஷீபா மணவாளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறாள் அல்லவா, அவளைக் கூப்பிட்டேன்.

"மாமி, இத யாரு அமுக்குனது?"

"நாந்தான் மக்கா. காப்பாத்துவோம்னுல்லா எழுதியிருந்துச்சு."

"பின்ன, நான் கள்ளன்னு எழுதிட்டா வருவான்? இது வேவு பாக்குற புரோகிராம் மாமி. நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குப் போவும்."

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். உங்கள் படங்களையும் என் கடிதங்களையும் தனியாக எடுத்துவைத்தாள். ஜோசைக் கூப்பிட்டு, பேங்க் பாஸ்வேர்டை அவன் போனிலேயே மாற்றச் சொன்னாள். கேமரா மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். திரையில் நீங்கள் சிரிக்கும் படம் இருக்கிறதே, இப்போது பார்த்தால் நீங்கள் நெற்றியில் அடிபட்டு வந்த மாதிரி இருக்கிறது. பிறகு வேவு பார்ப்பதைத் தேடி அழிக்க வேறொரு புரோகிராமைப் போட்டாள். அதுவும் திரையில் என்ன சொன்னது தெரியுமா? காப்பாற்ற இங்கே அமுக்கவும்.

"இதும் அதையேதான மக்கா சொல்லுது?"

"அது தானா வந்து கூப்பிட்டது மாமி. இது நாம தேடிப் போய் எடுத்தது. தானா வந்து கூப்பிடுறது எதையும் நம்பாதீங்க."

அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. நீங்களும் தானாக வந்து பெண் கேட்டவர்தானே?

பாஸ்வேர்டு எங்கே என்று கேட்டாள். கீபோர்டுக்கு அடியில் நீங்கள் ஒட்டிவைத்த காகிதத்தைக் காட்டினேன். ஜெனிக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்றைக்கு நீங்கள் வைத்தது: ஜெனி டாக்டர். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

ஷீபா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஊரெல்லாம் சொன்னதையா மாமி பாஸ்வேர்டா வைப்பாவ? மீன் கொண்டு வாறவளுக்குக்கூடத் தெரியுமே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனி அந்தப் படிப்பை விட்டு ஒரு வருடம் ஆகிறது. "அங்க மூச்சு முட்டுது பாட்டி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், எர்ணாகுளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் படிப்பிக்கிறாள். ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்பவர்களிடம் எல்லாம் மூன்றாம் வருடம் படிக்கிறாள் என்றே சொல்லிவந்தேன். உண்மையை உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். அதை எழுதவும் ஒவ்வொரு தடவையும் ஜெனி டாக்டர் என்று தட்டித்தான் உள்ளே போனேன்.

இப்போது அந்த உண்மை எவனோ ஒரு கள்ளன் கையில்! ஷீபா போன பிறகு ஜெனிக்கு போன் போட்டேன்.

"மக்கா, உனக்க காரியம் எல்லாம் வெளிய போயாச்சு. பாட்டி தெரியாம அமுக்கிட்டேன்."

"அவனுக்கு எனக்க கதை எதுக்கு பாட்டி? பேங்க் நம்பருக்குத்தான் வந்திருப்பான்."

"ஊருக்குத் தெரிஞ்சா?"

அவள் சொன்னாள்: "நான் யாருக்கும் ஒளிக்கல்ல பாட்டி. நீங்கதான் ஒளிக்கிய. ஊருக்கு வந்தா நான் டாக்டரா நடிக்கணும்லா? அதாம் ஒரு வருசமா வரல்ல."

படிப்பு, லீவு இல்லை, தூரம் என்று அவளுக்காக நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். என் வாய்தான் அவளை வாசலிலேயே நிறுத்தியிருந்ததா? அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேனே, ஜோஸ் அப்பா. நான் யாரைக் காப்பாற்றினேன்?

நம்ம கரையில் நீச்சலை யாராவது பள்ளிக்கூடம் வைத்துப் படித்தார்களா? அதற்கு ஒரு வாத்தியார் உண்டா? எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான்கு வயதில் அவளைத் தோளில் தூக்கிப்போய்ப் பாறை ஓரத் தண்ணீரில் மிதக்க விட்டது நீங்கள். நான் கரையில் நின்று கத்தினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பீர்கள்?

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. புதுப் பாஸ்வேர்டு வைத்தாயிற்று. என்னவென்று உங்களிடமும் சொல்லமாட்டேன், கோபிக்காதீர்கள். நவம்பரில், மரித்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் மாதத்துக்கு வரும் நம்ம கோயில் பங்கு இதழுக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். ஜெனியிடம் கேட்டேன், கொடுங்க பாட்டி என்றாள். ஊரே வாசிக்கும்.

சுவரில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஜெனி இன்னும் அந்த வெள்ளைக் கோட்டோடுதான் தொங்குகிறாள். மற்றப் பிள்ளைகளிடம் புது போட்டோ கேட்டுத் தொல்லை கொடுக்கிற நான், இவளிடம் மட்டும் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. மக்கா ஜெனி, நீயும் இதை வாசிப்பாய். தலை நனைந்து, கழுத்தில் விசிலோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடு. கம்ப்யூட்டரில் அனுப்பாதே, தபாலில் போடு. கிறிஸ்மசுக்கு நீ வரும்போது அது சுவரில் இருக்கும்.

ஜோஸ் அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கோயில் வாசலில் இனி யாராவது "டாக்டர் எப்ப வருவா?" என்று கேட்டால், அவள் நீச்சல் படிப்பிக்கிறாள் என்று என் வாயாலேயே சொல்வேன். அதற்குமேல் அவர்கள் ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்ல என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
நீச்சல்காரி ஜெனியின் பாட்டி,
கடியப்பட்டணம்