உன் தங்கை ஊதிய விசில்

சான் அனிசெத்தோ,
ஜூலை மாதம், மழை விட்ட செவ்வாய்க்கிழமை

என் மகன் எல்மருக்கு,

அம்மா ஒட்டிலியா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீயும் மிரேயும் பசியோ காய்ச்சலோ இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவின் முழங்கால் வலியையும் என் கண் எரிச்சலையும் கழித்துவிட்டால் எல்லாரும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய், போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. செலெஸ்தினோ லீவு முடிந்து உங்கள் தக்காளிப் பண்ணைக்குத் திரும்புகிறான், அவன் கையில் காப்பித்தூளும் பெப்பியான் குழம்புக்கு வறுத்து அரைத்த பூசணி விதைப் பொடியும் இதோடு வருகின்றன, பொடியை ஈரக்கை வைத்து எடுக்காதே. சந்தைக் கூரையை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள், என் சாப்பாட்டுக் கடைக்குள் இப்போது ஒழுகுவதில்லை. பின்பக்கத்து வெண்ணெய்ப்பழ மரம் இந்த வருடம் பேய்க்காய்ப்பு, தின்ன ஆள் இல்லாமல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன்.

போன வாரம் என் மருமகள் மிரேய் கூப்பிட்டாள். அவளுடைய உடைந்த ஸ்பானிஷில் சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டேவிட்டாள், "அத்தே, ஒரு விளையாட்டுக்காக யாராவது தங்கச்சிகிட்ட பேசாம இருப்பாங்களா?" என்று. நீ டாமரிஸிடம் மே மாதத்திலிருந்து பேசவில்லை என்பது எனக்குத் தெரியும், மிரேய்க்கு அது உறுத்தும் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது தெரியாது. அவள் ஊரில் பனிக்கட்டியின் மேல் மட்டையால் அடிக்கும் விளையாட்டில் கடைசியாக வந்த அணிகூட அடுத்த வருடம் அதே இடத்தில் ஆடுமாம், என்னால் நம்பவே முடியவில்லை. அதனால் அவளுக்குப் புரிகிற மாதிரி நீ இதை வாசித்துச் சொல். நம் நாட்டுக் கால்பந்து லீக்கில் பன்னிரண்டு அணிகள். தலைநகரத்தின் இரண்டு பெரிய அணிகளுக்கு நாடு முழுக்க ரசிகர்கள், மலைப்பக்கத்து அணிகளுக்கு மூச்சு வாங்காத பையன்கள், கடற்கரை அணிகளுக்கு வெயில்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரன், நம் மரங்கொத்தி அணிக்கு இவை எதுவும் இல்லை, பழைய பஸ் ஒன்றும் உன் அப்பாவின் மேளமும்தான். வருடத்தில் இரண்டு கோப்பை, ஜூலையில் ஒன்று தொடங்கும், ஜனவரியில் ஒன்று தொடங்கும், ஒவ்வொன்றிலும் முதல் எட்டு அணிகள் தோற்றவர் வெளியேறும் வெட்டு ஆட்டத்துக்குப் போய் இரண்டிரண்டு தடவை மோதும், கடைசியில் நிற்கும் அணி கோப்பையை வாங்கும். கோப்பைக்குக் கணக்கு தனித்தனி, ஆனால் இறங்குவதற்குக் கணக்கு ஒன்று. இரண்டு அரைவருடத்துப் புள்ளிகளையும் கூட்டி, கடைசி இரண்டு அணிகளை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். மிரேயிடம் சொல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் முடிவுகளை வாசிக்கும்போது மட்டும்தான் நம் ஊர்ப் பெயரை நாடு கேட்கிறது. இரண்டாம் டிவிஷனுக்குப் போனால் அந்தப் பெயரை யாரும் வாசிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருவதில்லை, என் கடையிலும் ஞாயிறு என்பது மற்றக் கிழமைகளைப் போல ஆகிவிடும்.

முதல் அரைவருடத்தில் நாம் எப்படி உதை வாங்கினோம் என்று உனக்கே தெரியும். ஜனவரிக்குப் பிறகு பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், ஆனாலும் பழைய சுமை முதுகிலேயே இருந்தது. ஒரு அணி முன்பே இறங்கிவிட்டது, மிச்சமிருந்த ஒரு குழிக்கு நாமா புவெர்த்தோ ஆல்த்தோவா என்று கடைசி ஞாயிறு வரை இழுத்தது. நாம் ஜெயிக்க வேண்டும், அவர்கள் ஜெயிக்கக்கூடாது. கடைசி நாளில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில்தான் தொடங்கும், யாரும் யாரையும் பார்த்து ஆடிவிடக்கூடாது என்று. புவெர்த்தோ ஆல்த்தோ ஆட்டத்துக்குப் போட்டிருந்த நடுவருக்கு இரண்டு நாள் முன்னால் தொடைச்சதை பிடித்துக்கொண்டது. அந்த இடத்துக்கு உன் தங்கையைப் போட்டார்கள். நீ நினைப்பதுபோல் அவள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை எல்மர். நான் சான் அனிசெத்தோக்காரி, இந்த ஆட்டத்தின் முடிவு என் ஊரை பாதிக்கும், வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த அதிகாரி, "எல்லா நடுவரும் ஏதோ ஒரு ஊர்லதானேம்மா பொறந்திருக்காங்க, கிளம்பு" என்றாராம்.

அன்றைக்கு நான் கடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நம் மைதானத்துச் சத்தம் நேராகவே காதில் விழுந்தது, ரேடியோ புவெர்த்தோ ஆல்த்தோ ஆட்டத்துக்கு. நாம் இரண்டாவது கோல் போட்டதும் உன் அப்பாவின் மேளம் சந்தைத் தகரத்தையே அதிர வைத்தது. அங்கே புவெர்த்தோ ஆல்த்தோவில் ஆளுக்கு ஒரு கோல், சமநிலை. நம் ஆட்டம் முடிந்தே போயிற்று, ஆனால் ஒருவரும் எழுந்து வரவில்லை, எல்லாரும் காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இன்னும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. அப்போதுதான் வர்ணனைக்காரன் கத்தினான், கோலுக்கு முன்னால் பெட்டிக்குள் புவெர்த்தோ ஆல்த்தோ ஆள் விழுந்துவிட்டான், நடுவர் பெனால்ட்டி அடிக்கும் இடத்தைக் காட்டுகிறார் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்தப் பாவி, நடுவர் டாமரிஸ் எந்த ஊர் என்று நேயர்களுக்கு நினைவிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னான். அவர்கள் பெனால்ட்டியை உள்ளே அடித்தார்கள். மேளம் நின்ற சத்தத்தை நான் கேட்டேன் மகனே, அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அப்பா வந்தார், மேளத்தை வாசலில் வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சூப்பு வைத்தேன். அவர் குடிக்கவில்லை. பக்கத்துக் கடைப் பெண்ணிடம் போனைக் கேட்டு வாங்கி அந்த ஒரு காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஊர்க்காரர்கள் அனுப்பியதை மட்டும் வாசித்தாய். கடைச் சுவரில் தாரால் விலைபோனவள் என்று எழுதினார்கள், நான் சுண்ணாம்பு அடித்தேன், மறுபடி எழுதினார்கள். தக்காளி விற்கும் ஒஃபேலியா, "உன் பொண்ணு ஊதுன ஊதுல ஊரே பறந்துபோச்சு ஒட்டிலியா, நாளைக்கி எங்களுக்கும் கொஞ்சம் ஊதச் சொல்லு, கொசு போகட்டும்" என்றாள். நானும் விடவில்லை, "உன் தராசையும் அவ கிட்ட குடு, ஒரு நாள் நேரா நிக்கட்டும்" என்றேன், அன்றைக்குச் சந்தையில் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான். ஆனால் சாப்பிட ஆள் வரவில்லை. அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு ஈ ஓட்டினோம்.

பிறகு உன் ஞானத்தந்தை எவாரிஸ்தோ வந்தார், ரசிகர் மன்றத்துத் தலைவர் என்ற முறையில். கூட நாலு பேர். கெட்டவர் இல்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாவிடம் பேசினார். "ருஃபினோ, நாங்க உன்ன ஒதுக்க வரல. கூட்டத்துல நின்னு, எம்பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. அதோட விட்டுருவோம். மேளம் உன்னோடதுதான், எப்பவும் போல அடி" என்றார். அப்பா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியாது. பெனால்ட்டியைப் பற்றி அதுவரை அவர் என்னிடம்கூட வாய் திறக்கவில்லை. அவர் மெதுவாக எழுந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "கண்ணு வலிக்கிற வரைக்கும் பார்த்தேன் எவாரிஸ்தோ. தப்பாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பார்த்தேன். தடுக்க வந்தவன் ரெண்டு கையாலயும் தள்ளினான்யா. எனக்கு அத ஒத்துக்க அத்தன தடவ தேவப்பட்டுது, அவ ஒரே தடவ பார்த்தா" என்றார். அப்புறம் வாசலுக்குப் போய் மேளத்தைத் தூக்கி எவாரிஸ்தோவின் கையில் கொடுத்துவிட்டு, தோல் தளர்ந்திருக்கிறது, வெயிலில் காய வைக்காமல் நெருப்பின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு கொல்லைக்குப் போய் வெண்ணெய்ப்பழம் பொறுக்கினார். நான் பின்னாலேயே போகவில்லை.

டாமரிஸ் ஜூன் மாதத்தில்தான் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சந்தை வழியாக வராமல் ஆற்றுப் பக்கமாகச் சுற்றி வந்தாள். என் பெண் அவள் பிறந்த ஊருக்குள் அப்படி வந்தாள். நான் தோசைக்கல்லில் சோளரொட்டி தட்டிக்கொண்டே கேட்டேன், அந்த நேரத்தில் உனக்கு நம் ஊர் ஞாபகம் வரவில்லையா என்று. அவள் சொன்னாள், "எப்படிம்மா வராம இருக்கும், பாதி கூட்டம் ரேடியோ வச்சிருந்துச்சு, நம்ம ஸ்கோர் என் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஊதுனா நாம போயிருவோம்னு தெரியும். ஊதாம விட்டுருக்கலாம், கொஞ்ச நேரம் கத்தியிருப்பாங்க, அவ்வளவுதான். ஆனா விழுந்த பையன் எந்திரிக்காம என் மூஞ்சியப் பார்த்தாம்மா." பிறகு நீ அனுப்பியதைக் காட்டினாள். எனக்குத் தங்கை இல்லை என்று எழுதியிருந்தாயே, அதை. அவள் அழவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை, காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஊர் எழுதிய சுவரை நான் சுண்ணாம்பால் அடித்தேன் எல்மர், இதை எதால் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் இருக்கும்போதே கேப்டன் நெரி கடைக்கு வந்தான். பாதி அணி வேறு ஊர்களுக்குப் போய்விட்டது, அவன் போகவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு நட்டநடுப் பகலில், சந்தை முழுக்கப் பார்க்க, வாசல் மேஜையில் உட்கார்ந்து இரண்டு தட்டு பெப்பியான் கேட்டான். டாமரிஸ் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவன் உள்ளே பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான், "பிப்ரவரியில இதே புவெர்த்தோ ஆல்த்தோவுல என் கால வாரிவிட்டாங்க, நடுவர் கூட்டத்தப் பார்த்துட்டு விசில முழுங்கிட்டாரு. அன்னிக்கி இவங்க இருந்திருந்தா நாம கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும் வந்தே இருக்க மாட்டோம். எனக்கு இன்னும் ரெண்டு ரொட்டி குடும்மா." பிப்ரவரியில் அந்த ஆட்டத்தன்று நீயும் போனில் என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். இந்த நாட்டில் முதுகெலும்புள்ள ஒரு நடுவர்கூட இல்லையா என்று அங்கிருந்து கத்தினாய், மிரேய் பயந்துபோய் ரேடியோவை அணைத்தாள் என்று நீயே சொன்னாய். நெரி வந்து போன பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், முதலில் பஸ் டிரைவர்கள், அப்புறம் ஒஃபேலியாவே வந்தாள், சாப்பாடு சப்பென்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு முழுவதையும் தின்றாள். எவாரிஸ்தோ மட்டும் இன்னும் வரவில்லை. மேளமும் வரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை, அடுத்த மாதம் இரண்டாம் டிவிஷன் தொடங்கும்போது வெறுங்கையோடு போய்த் தட்டுவேன் என்கிறார்.

டாமரிஸுக்குப் புது சீசனில் ஆகஸ்ட் முதல் ஞாயிறு தலைநகரத்தில் ஒரு ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக தினமும் காலையில் நம் மைதானத்தில் ஓடினாள், அப்பா தண்ணீர்க் குப்பியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், இருவரும் பேசிக்கொண்டது ஒன்றுமில்லை, ஆனால் சேர்ந்தே திரும்பி வருவார்கள். நீ பேசாவிட்டால் அவள் விசிலைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்று உன்னைப் பயமுறுத்த மாட்டேன், அவள் எறிய மாட்டாள், எப்படியும் போவாள். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் அறையில் போனை அணைக்கும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அது எனக்குத் தெரியும், நான் அவளைப் பெற்றவள். உன்னையும் பெற்றவள். உனக்கு வலித்தது ஏன் என்றும் எனக்குத் தெரியும், அவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெயரைக் கேட்பது ஒன்றுதானே இருந்தது. அதை உன் தங்கை பிடுங்கிவிட்டாள் என்று நினைத்துவிட்டாய். பிடுங்கியது முதல் அரைவருடத்தில் நாம் விட்ட கோல்கள், மகனே.

குளிர் வருவதற்குள் நல்ல சாக்ஸ் வாங்கிக்கொள், இரட்டையாகப் போடு. மிரேயை வேலைக்கு நடுவில் சாப்பிடாமல் இருக்க விடாதே. உங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், உங்கள் வாசலில் நல்ல செய்தியே வந்து நிற்கட்டும் என்று நானும் அப்பாவும் உங்கள் இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, மறந்துவிடாதே.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா ஒட்டிலியா

அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு இதையும் எழுதச் சொல்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பெனால்ட்டியப் பத்தி அவகிட்ட ஒண்ணும் பேசாத. சாப்பிட்டியான்னு கேளு. மிச்சத்த அவளே பேசுவா."