செண்டுமல்லிப் பூச்சு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

ஓரகத்தி மாலதிக்கு முகமெல்லாம் பரு. செண்டுமல்லியை அரைத்துத் தயிரில் குழைத்துப் பூசினால் தழும்புகூட மறையும் என்று நான்தான் சொன்னேன். பூவும் நானே பொறுக்கிக் கொடுத்தேன். காலையில் எங்கள் தெருவில் பாடை போனபோது வழியெல்லாம் இறைத்துக்கொண்டு போன பூ அது. என் மகள் பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து, "அக்கா கலராவே பொறந்துடுச்சே" என்றவள்தானே இவள். நான் மறக்கவில்லை.

சாயங்காலம் அவள் அதைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்ததை ஆசைதீரப் பார்த்தேன்.

"குளுகுளுன்னு இருக்குக்கா. கிண்ணத்துல மிச்சம் இருந்துச்சு, பாப்பாவுக்கும் பூசிவிட்டேன். புள்ள கொஞ்சம் கலர் வரட்டும்" என்றாள்.

மகளை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். மாலதி பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஏங்க்கா கழுவுறீங்க? நல்ல பூதானே?"

நல்ல பூதான் என்றேன். நாளைக்கும் கொஞ்சம் வேண்டுமாம், இரண்டு பேருக்கும்.