இன்னும் ரெண்டு

மே 2, வெள்ளி

காலையில் ஜிம்முக்கு வந்தவர்கள் ஏழு பேர். போன மாதம் இதே வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு. வெயில் காலத்தில்தான் கூட்டம் கூட வேண்டும், மூன்று ஏசி ஓடுகிறது. இங்கே எல்லாம் தலைகீழ்.

தையல்காரம்மாவும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி தேடியவர். இன்று முப்பது கிலோ தூக்குகிறார் என்றால் அது என் உழைப்பு. போன் செய்தேன். "கோச்சுக்காதீங்க மாஸ்டர். வெயில் முடியற வரைக்கும் பார்க்ல பண்றேன். அங்க காத்து நல்லா வருது."

காத்தாம்!

மே 5, திங்கள்

விசாரித்துவிட்டேன். நீர்த்தொட்டிப் பார்க்கில் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் ஒருவர் தினமும் காலையில் சொல்லிக்கொடுக்கிறார். லீவில் சும்மா இருக்க முடியவில்லையாம். காசு வாங்குவதில்லை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். இந்த ஏட்டில் அவர் பெயர் இனிமேல் விசில்.

எங்கள் ஜிம் மாடியில். பின்ஜன்னலைத் திறந்தால் அந்தப் பார்க்தான். வேடிக்கை பார்த்தால் ஆட்களுக்குக் கவனம் சிதறும் என்று கண்ணாடி முழுக்கக் கட்டுமஸ்தான ஆள் ஒருவனின் போஸ்டரை ஒட்டியதே நான்தான். இன்று அவன் பாதத்தை மட்டும் உரித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் என் ஆட்கள்.

மே 7, புதன்

குனிகிறார்கள், நிமிர்கிறார்கள், பார்க் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். இதற்குப் பெயர் பயிற்சி! முட்டி போகப் போகிறது. போனால் என்னிடம்தானே வர வேண்டும்? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மே 9, வெள்ளி

நான் கிளம்பும்போது இவளும் ஷூ மாட்டினாள். எங்கே என்று கேட்டேன். "சும்மா நடந்துட்டு வரேன்." கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஜிம்முக்கு வா வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? முட்டி வலி, வேலை, தலைவலி, நாளைக்கு. இப்போது தானாக ஷூ மாட்டுகிறாள்.

மே 10, சனி

போஸ்டர்காரனின் முழங்கால் வரை உரித்தாயிற்று. இரண்டாவது வரிசை, ஓரத்தில் மஞ்சள் டீ-ஷர்ட். என் டீ-ஷர்ட். முதுகில் எங்கள் ஜிம் பெயர் இவ்வளவு பெரிதாக.

இவளேதான்.

மே 12, திங்கள்

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"அவரு நல்லா சொல்லித்தராரா?"

"ம்."

"என்னவிடவா?"

கத்தி நிற்கவில்லை. "அவரு கத்த மாட்டாரு."

மே 13, செவ்வாய்

நான் கத்துகிறேனா? பாட்டுச் சத்தத்தை மீறிப் பேச வேண்டாமா? பார்க்கில் என்ன, குருவிச் சத்தம்தானே!

மே 18, ஞாயிறு

ஜிம் விடுமுறை. தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். விசில் கண்ணில் பட்டுத் தொலைத்தேன். "சார், பின்வரிசையில இடம் இருக்கு, வாங்க." எல்லோரும் திரும்பினார்கள். இவளும்.

பார்க்கைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓட வேண்டும். நூற்று நாற்பது கிலோ பாரத்தோடு உட்கார்ந்து எழுகிறவன் நான். முதல் ரவுண்டிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறுவதற்கு முன்பே எனக்கு ஏறிவிட்டது. இரண்டாவது ரவுண்டில் தையல்காரம்மா என்னைத் தாண்டிப் போனார். "மெதுவா வாங்க மாஸ்டர், அவசரமில்ல." நான் எழுப்பி நிற்க வைத்த தையல்காரம்மா!

பெஞ்சில் விழுந்தேன். விசில் தண்ணீர் கொடுத்தான். "மூச்சுதான் சார், பழகிடும்." எனக்குச் சொல்கிறான்! இவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கைக்குட்டையை நனைத்து நீட்டினாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

மே 19, திங்கள்

கெண்டைக்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

வாயை அடக்கியிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தாள். "அவருகிட்டயா? ஒண்ணும் இல்ல. பத்துன்னா பத்து. அவ்வளவுதான்."

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் மூன்று நாள் ஜிம்முக்கு வந்தாளே, அது.

"நீங்க பத்து எண்ணுவீங்க. நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பத்து வரைக்கும் வருவேன். உடனே 'இன்னும் ரெண்டு'ம்பீங்க. மூணாவது நாள் கால் வெடவெடன்னு ஆடுது, எல்லாரும் பார்க்கறாங்க. நான் அழுதுட்டேன். அதுக்கும் 'இன்னும் ரெண்டு'ன்னீங்க."

"அது எல்லா மாஸ்டரும் பண்றதுதானே…"

"வீட்டுலயும் நீங்க மாஸ்டர்தான். குழம்பு நல்லா இருக்குன்னு சொல்லி நிறுத்த மாட்டீங்க. இன்னும் கொஞ்சம் உப்பு. வீடு சுத்தமா இருக்கு, இன்னும் அந்த ஒரு மூலை. நான் பத்து பண்ணினதை நீங்க ஒரு நாளும் பார்த்ததில்ல."

இவள் அழுதது எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் இல்லை. எதிரில் நின்று எண்ணியவனே நான்தான், எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

மே 23, வெள்ளி

நான் செய்வது தப்பில்லை. பன்னிரண்டு என்று முதலிலேயே சொன்னால் பத்தில் கையை விட்டுவிடுவார்கள். பத்து என்று சொல்லி வரவைத்து, மேலே இரண்டு. அந்த இரண்டில்தான் உடம்பு ஏறும். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் இப்படித்தான் ஏமாற்றினார்.

இன்று பாங்க் குமாஸ்தாவுக்கு எண்ணும்போது கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். பத்து என்றதும் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். போய்விட்டது.

மே 27, செவ்வாய்

போஸ்டர்காரனுக்கு இப்போது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. விசில் பத்து எண்ணி முடித்துக் கை தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். மாடி வரை சத்தம் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. அது இன்னும் இவளிடம் இருக்கிறதா?

எழுதிவிடுகிறேன். பொறாமை. அவர்களுக்குள் ஏதாவது இருக்கிறது என்ற சந்தேகமெல்லாம் இல்லை. இருந்தால் சுலபம், போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். பத்தில் நிறுத்துகிறான் என்று ஒருத்தன் சட்டையை எப்படிப் பிடிப்பது?

மே 30, வெள்ளி

போஸ்டர் ஏன் கிழிந்திருக்கிறது என்று ஜிம் முதலாளி கேட்டார். ஏசி ஈரத்தில் உரிந்துவிட்டது என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

இன்று தொப்பி இல்லாமல், இவளோடு சேர்ந்தே போனேன். இரண்டு ரவுண்டு ஓடினேன். மூன்றாவது நடை.

முடிந்ததும் விசில் தனியாகக் கூப்பிட்டான். "சார், ஸ்கூல் திறந்துட்டா ஞாயித்துக்கிழமை காலையில என் பசங்களுக்கு பிராக்டிஸ் இருக்கும். மத்த நாள் நான் வந்துடுவேன். ஞாயிறு மட்டும் நீங்க எண்ணுறீங்களா? இந்த ஊர்லயே நீங்கதான் பெரிய மாஸ்டர்னு உங்க வீட்டுல சொன்னாங்க."

பெரிய மாஸ்டர். இவள் சொன்னாளாம். எப்போது? அதையும் என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டுகூட அவன் கைக்குப் போய்த்தான் வருகிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன். இவள் மஞ்சள் டீ-ஷர்ட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஜிம்மில் நான்கு பக்கமும் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் என் முகம்தான். இங்கே முன்னால் போய் நின்றால் பதினான்கு முகம். எல்லாம் வியர்த்துச் சிவந்த முகம். தையல்காரம்மா முதல் வரிசையில் இருந்து கண்ணைச் சிமிட்டினார்.

ஓட்டம் முடிந்தது. கடைசியாக உட்கார்ந்து எழுவது. கத்தாமல்தான் எண்ணினேன். ஏழில் இவளுக்குக் கால் ஆட ஆரம்பித்தது. எட்டில் உதட்டைக் கடித்தாள். ஒன்பதில் என்னை நேராகப் பார்த்தாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவள் பார்க்கிற பார்வை. பத்து.

"இன்—" என்று தொண்டை தானாகக் கிளம்பிவிட்டது. பதினாறு வருடப் பழக்கம். விழுங்கினேன்.

"போதும்," என்றேன். பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. கை தட்டினேன்.

எல்லோரும் தட்டினார்கள், தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனார்கள். இவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். தொடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், கால் வெடவெடவென்று ஆட, எழுந்தாள்.

நான் எண்ணவில்லை.