குப்பிக்குப் பின்னால் உன் கடிதம்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தானும் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் உன்னை இருபத்தெட்டு வருடமாகத் தெரியுமே.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. டாங்கில் நாலு விரல் எரிபொருள்தான் இருக்கிறது, குறைமாதக் குழந்தைகள் இரண்டு சூட்டுப்பெட்டியில் இருக்கின்றன, இந்த வாரம் லாரி வராவிட்டால் அந்த மலை ஆஸ்பத்திரியில் நீ பார்த்துக்கொள்ளும் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் ஆலையில் தாவர எண்ணெயை எரிபொருளாக மாற்றியதும் ஒரு குப்பியில் பிடித்து, பதினாறு மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்போம். பிறகு வடிதாளில் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்போம்; கசடு இருந்தால் அடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அது என் வேலை. அதற்கு முன்னால் ஒரு பழைய பழக்கம் உண்டு. குப்பிக்குப் பின்னால் எழுதின தாள் ஒன்றைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது. என் கையில் உன் கடிதம்தான் இருந்தது. அதையே பிடித்தேன். கடைசியில் நீ கிறுக்கும் கையெழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.

பதினாறு மணி நேரம் காத்திருந்தால் லாரி போய்விடும். குளிர்பெட்டியில் வைக்காமலே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவை. உனக்காகத்தான், நன்றி சொல்லி நாலு வரியாவது எழுது.

லாரி வளைவில் திரும்பும்போது வாசல் மணியை மூன்று தடவை அடிப்பாயாமே. லாரிக்கார நெட்டையண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார்.

உன் அக்கா.

அடுத்த செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

இதை நின்றுகொண்டே படி. படித்ததும் டாங்க் பக்கம் போ.

உனக்கு அனுப்பிய எரிபொருளின் மாதிரிக் குப்பி என் அலமாரியில் இருக்கிறது. அதன் பின்னால் உன் கடிதத்தை ஒட்டியே வைத்திருந்தேன், போகும்போதும் வரும்போதும் பார்க்கலாம் என்று. சனிக்கிழமை காலையில் உன் கையெழுத்தைக் காணவில்லை. கண்ணாடி அழுக்கு என்று துடைத்தேன். அழுக்கு உள்ளே இருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குலுக்கினேன், கலைந்து போயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். கரையவே இல்லை. நேற்று அதற்கு மேல் வரியும் மறைந்துவிட்டது. "இங்கே எல்லாரும் சௌக்கியம்" என்று நீ எழுதிய வரி.

அது செடியிலேயே இருக்கிற ஒரு பொருள். எண்ணெயில் கரைந்து, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். எரிபொருளாக்கும்போது அதன் மேலிருக்கும் கொழுப்பு கழன்றுவிடும். அப்புறம் கரையாது. ஆனால் உடனே வெளியே வராது, நாள் கணக்கில் மெல்ல மெல்ல வரும். அன்றைக்குத் தெளிவாக இருந்தது பொய்யில்லை. நான்தான் அதை நம்பியிருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்திருந்தால் ஒரே நாளில் காட்டிக் கொடுத்திருக்கும். களிமண் தூள் போட்டு வடித்து எடுத்திருப்பேன்.

டாங்கின் அடியிலிருந்து எடுக்காதே. குலுக்காதே. ஜெனரேட்டர் மூச்சுவாங்கினால் உடனே வடிகட்டியை மாற்று. இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். குழந்தைகளைக் கீழ் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று நர்ஸம்மாவிடம் கேள். உன் அக்கா செய்த தப்பு என்றே சொல்.

அக்கா.

திங்கட்கிழமை

தம்பி,

நெட்டையண்ணன் வியாழக்கிழமை திரும்பி வந்தார். வளைவில் மணி அடிக்கவில்லையாம். பட்டப்பகலிலேயே மூடுபனி. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்ததாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் பெட்டியையும் கடிதத்தையும் படியில் வைத்திருக்கிறார். கொஞ்சம் கீழே போய் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். கதவு பூட்டியபடியே இருக்கிறது. படியில் மட்டும் வெள்ளையாக ஒரு கைத்தடம், விரல் விரலாக. மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. கீழ் ஊரில் சொல்லிவிட்டு வந்தாராம். பனி விலகட்டும், ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். இன்னும் போகவில்லை.

அது உன் கைதான். வடிகட்டியைத் திறந்து துடைத்த கை. வேறு யார் கையாக இருக்க முடியும்? இதைச் சொன்னால் அத்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் குப்பியைப் பார்க்கவே இல்லை. "அன்னைக்கு எழுத்து தெரிஞ்சுதுல்ல? அதோட விடும்மா" என்றார். விட முடியுமா?

குப்பியில் வெள்ளை மேலே வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு உயரம் படிவதற்கு அதில் சரக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். கடிதத்தைப் பிரித்து எடுத்துப் பார்த்தேன். எல்லா வரியும் இருந்தது. திரும்ப ஒட்டினேன். குப்பி வழியாகப் பார்த்தால் இல்லை. இன்று காலை "அன்புள்ள அக்கா" மட்டும்தான் மிச்சம். குப்பியை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்கிறார்கள் ஆலையில். எனக்கு பயமாக இருக்கிறது, நான் பார்க்காத நேரத்தில் அதுவும் போய்விடும் என்று.

புதுச் சரக்கு தயார். களிமண் தூள் போட்டு இரண்டு தடவை வடித்தேன். பதினாறு மணி நேரமும் குளிர்பெட்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வடிதாளில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. நாளைக்கு அதே லாரியில் நானும் வருகிறேன். அத்தான் வேண்டாம் என்கிறார். இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன். கதவு திறக்காவிட்டால் அடியிடுக்கு வழியாகத் தள்ளுவேன்.

வளைவில் லாரியை நிறுத்தி, எஞ்சினையும் அணைக்கச் சொல்லப்போகிறேன். மூன்று தடவை வேண்டாம், ஒரே ஒரு தடவை மணி அடி. என் மேல் கோபம் என்றால் கோபமாகவே அடி. அந்தக் குழந்தைகள் விஷயம் எதுவானாலும் நான் கேட்டுக்கொள்கிறேன், நீ வந்து சொல். எழுத வேண்டாம், தம்பி. உன் எழுத்தை நம்பி நான் இனி எதையும் சரி என்று சொல்ல மாட்டேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இருக்கிறாய்தானே?

அக்கா.