பார்க்காமல் போட்ட டிக்

என் கணவரான லிஃப்ட் மெக்கானிக் ஐயாவுக்கு,

லிஃப்டுக்குள் ஏறிப் பார்க்காமலே பராமரிப்பு அட்டையில் டிக் போடுவது உங்கள் வேலைப் பழக்கம். அதை நான் ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்த ஆசைப் பட்டியல்வரை கொண்டுவந்தீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

கடலில் கால் நனைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். "பஸ்ல போறப்ப பாத்தோமே, போதாதா?" என்று டிக் போட்டீர்கள். ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும் என்று எழுதினேன். "பின்னாடி உக்காந்துதானே வர்றே?" அதற்கும் டிக்.

நேற்று கடலில் இடுப்புவரை நனைந்தேன். இன்று ஒரு வாடகை ஸ்கூட்டரை ஓட்டிப்போய்ச் சுவரில் இடித்தேன். முழங்கையில் தோல் உரிந்து எரிகிறது. என் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

மூன்றாவது ஆசை, வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்குவது. பிரசவ வார்டில் மூன்று நாள் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜில் பார்த்தால் அதற்கும் டிக். கேட்டதற்குச் சிரித்தீர்கள்.

"அங்க தனியாத்தானே இருந்தே?"

அந்த டிக்கை அழித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இந்த அறையின் சாவி என் கையில் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள். அதை நான் பட்டியலில் எழுதவேயில்லை.

இப்படிக்கு,
இனி உங்கள் பின்சீட்டில் உட்காராதவள்